இறுகறதுக்கு முன்னாடி... (எப்பாக்ஸிக்குள் நானோ தூள் போன கதை)

அரால்டைட் தெரியாத வீடு நம்ம ஊர்ல ரொம்பக் குறைச்சல். ரெண்டு ட்யூப். ஒண்ணு ரெசின், இன்னொண்ணு ஹார்டனர். ரெண்டையும் சம அளவு பிதுக்கி, தீக்குச்சியால கலக்கி, உடைஞ்ச பீங்கான் ஜாடியை ஒட்டி வெச்சா மறுநாள் காலையில கல்லு மாதிரி இருக்கும். குழாய் ஒழுகினா பிளம்பர் பிசையற எம்-சீலும் அதே குடும்பம்தான். விமான இறக்கை, காற்றாலை இறகு, ட்ரான்ஸ்ஃபார்மர், செல்போனுக்குள்ள இருக்கிற சிப்போட கறுப்பு உறை... எல்லாத்துலயும் இந்த எப்பாக்ஸி உட்கார்ந்திருக்கு.

இதுக்குள்ள ஒரு சிட்டிகை நானோ தூள் போட்டா பலம் எங்கேயோ போயிடும்னு 1990-களின் நடுவிலேர்ந்து ஒரு பேச்சு. அந்தப் பேச்சுல நிஜமும் உண்டு, ஆர்வக்கோளாறும் உண்டு. நான் விஞ்ஞானி இல்லைங்க. பொருள்களோட வரலாறைப் பொழுதுபோக்காப் படிக்கிறவன். படிச்ச வரைக்கும் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒண்ணுதான்: தூள் எவ்வளவு பலசாலிங்கறது ரெண்டாவது கேள்வி. பசை இறுகறதுக்கு முன்னாடி அந்தத் தூள் உள்ளே என்ன செய்யுதுங்கறதுதான் முதல் கேள்வி. முப்பது வருஷக் கதையும் இந்த வரிசையை மாத்திக் கேட்டதால வந்த குழப்பம்தான்.

சரி, ஆதியிலேர்ந்து வருவோம்.

பல்லுக்காகப் பிறந்த பசை

1934-ல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில இருந்த பால் ஷ்லாக், எப்பாக்ஸைடுகளை அமீன்களோட சேர்த்து ஒரு காப்புரிமைக்கு எழுதிப் போட்டார். (பின்னாடி 1938-ல் நைலான்-6 இழையைக் கண்டுபிடிச்சவரும் இவர்தான்.) அதே 1938-ல் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான், டி ட்ரே என்கிற பல் மருத்துவப் பொருள் கம்பெனிக்காக வேலை பார்த்துக்கிட்டிருந்தார். அவருக்கு வேண்டியது பல்செட் செய்ய ஒரு பொருள். அச்சுல ஊத்தினா சுருங்கக் கூடாது. எப்பாக்ஸி ரெசினைத் தாலிக் அன்ஹைட்ரைடால இறுக வெச்சுக் காட்டினார். பல் வியாபாரத்துல அது போணியாகலை. உரிமையை சீபா கம்பெனி வாங்கி, 1946-ல் அரால்டைட்னு பேர் வெச்சு ஒட்டுப் பசையா இறக்கினது. ஏறக்குறைய அதே காலத்துல அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ, பெயின்ட் பூச்சுக்காக இதே மாதிரி ரெசினை உருவாக்கினார்.

உள்ளே நடக்கற வேதியியலைக் கொஞ்சம் பார்த்துடலாம், பின்னாடி தேவைப்படும். எப்பாக்ஸைடுங்கறது ரெண்டு கார்பன், ஒரு ஆக்ஸிஜன் சேர்ந்த முக்கோண வளையம். வளைச்சுக் கட்டின வில்லு மாதிரி எப்ப அவிழலாம்னு விறைப்பா நிக்கும். ஹார்டனர்ல இருக்கிற அமீன் வந்து தொட்டா வளையம் படக்குன்னு திறந்து கை கோத்துக்கும். திறக்கும்போது சூடு வரும், ஒரு மோலுக்கு ஏறக்குறைய 100 கிலோஜூல். கூடவே ஒரு ஹைட்ராக்ஸில் பிறக்கும். அந்த ஹைட்ராக்ஸில் சும்மா இருக்காம அடுத்த வளையம் திறக்கறதுக்கும் உதவி பண்ணும். அதனால வினை மெதுவா ஆரம்பிச்சு, வேகம் பிடிச்சு, வலை இறுக இறுக மறுபடி தளர்ந்து போகும்.

நடுவுல ஜெல் கட்டம்னு ஒண்ணு வரும். தயிர் உறையற நேரம்னு வெச்சுக்குங்களேன். அதுக்கு முன்னாடி அது திரவம், கரண்டி விட்டுக் கலக்கலாம். அதுக்கு அப்புறம் எது எங்கே இருக்கோ அங்கேயேதான். கேப்பைக் களி கிண்டினவங்களுக்குத் தெரியும், கட்டி தட்டினா சூடா இருக்கும்போதே உடைச்சாத்தான் உண்டு. எப்பாக்ஸிக்கும் அதே நியாயம்.

தூள் போடறது புதுசா என்ன?

இல்லை. எப்பாக்ஸி வந்த நாள்லேர்ந்தே அதுல சிலிக்கா, சுண்ணாம்புத் தூள், டால்க்னு எதையாவது போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ரெசின் விலை அதிகம், தூள் மலிவுங்கறது ஒரு காரணம். சூட்டையும் சுருக்கத்தையும் அடக்கறது இன்னொரு காரணம். வெறும் ரெசினைப் பெரிய அச்சுல ஊத்தினா தன் சூட்டிலேயே வெந்து விரிசல் விடும். பாதிக்கு மேல சிலிக்கா போட்டா சாதுவா இறுகும். சிப்போட கறுப்பு உறையில எடைக்கணக்குல பார்த்தா பெரும்பகுதி சிலிக்காதான், எப்பாக்ஸி சும்மா ஒட்ட வைக்கிற சிமென்ட் மாதிரி.

இதுல வேடிக்கை, நானோ தூளும் பழசுதான். 1940-களின் தொடக்கத்துல ஜெர்மனியின் டெகுஸா கம்பெனி ஏரோசில் என்கிற புகைச் சிலிக்காவை உருவாக்கினது. சுடர்ல எரிச்சு எடுக்கற மாவு. துகள் ஒவ்வொண்ணும் பத்து, இருபது நானோமீட்டர் அளவு. சுவத்துல பூசின பசை வழியாம நிக்கறதுக்காக இதை எப்பாக்ஸியில ரொம்ப நாளாப் போட்டுக்கிட்டிருந்தாங்க. ஆனா யாரும் அதை "நானோ"ன்னு கூப்பிடலை. அந்தப் பேருக்கு அப்ப மவுசு வரலை :-)

பொடிசானா என்ன மாறுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் சதுரங்களா நறுக்கினா மேற்பரப்பு 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்குல ரெண்டரை கிரவுண்டுக்கு மேல! ஒரு சர்க்கரைக் கட்டி அளவு பொருளுக்குள்ள அவ்வளவு நிலம். அந்த நிலம் முழுக்க ரெசினைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அந்த மேற்பரப்புல ஒட்டியிருக்கிற ஒவ்வொரு வேதிக் குழுவும் வினையில மூக்கை நுழைக்கும். பெரிய தூள் பந்தியில உட்கார்ந்திருக்கிற விருந்தாளி. நானோ தூள் சமையல்கட்டுக்குள்ளேயே வந்துடற விருந்தாளி.

களிமண் ஓடின ஓட்டப்பந்தயம்

நவீன கதை எப்பாக்ஸியில ஆரம்பிக்கலை, நைலான்ல ஆரம்பிக்குது. 1980-களின் பின்பாதியில் டொயோட்டாவின் ஆராய்ச்சிக்கூடத்துல மான்ட்மோரிலோனைட்ங்கற களிமண்ணை நைலான்-6 குள்ள பிரிச்சுப் பரப்பினாங்க. இந்தக் களிமண் சீட்டுக்கட்டு மாதிரி. ஒவ்வொரு சீட்டும் ஒரு நானோமீட்டர் தடிமன். 5 சதவீதத்துக்கும் குறைவாப் போட்டதுலேயே விறைப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. 65 டிகிரி செல்சியஸ்ல வளைஞ்சு கொடுத்த பொருள் 140 டிகிரிக்கு மேல வரைக்கும் தாங்கினது. காரோட டைமிங் பெல்ட் மூடியா அது ரோட்டுக்கும் வந்தது.

உடனே எல்லாரும் எப்பாக்ஸி பக்கம் திரும்பினாங்க. 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துல இம்மானுவேல் ஜியானெலிஸ் குழுவும், மிச்சிகன் ஸ்டேட்ல தாமஸ் பின்னவையா குழுவும் தனித்தனியா எப்பாக்ஸி–களிமண் கலவைகளை வெளியிட்டாங்க. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச கட்டம் பின்னவையா சொன்ன விளக்கம்தான்.

சீட்டுக்கட்டைப் பிரிக்கணும்னா சீட்டுகளுக்கு நடுவுல ரெசின் போகணும். அதுக்காகக் களிமண்ணுக்குள்ள அல்கைல் அம்மோனியம் அயனிகளை முதல்ல ஏத்துவாங்க. இந்த அயனிகளுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, அதனால எப்பாக்ஸி இறுகறதைத் தூண்டிவிடும். ஆக இப்ப ரெண்டு இடத்துல பசை இறுகுது: சீட்டுகளுக்கு நடுவுல ஒண்ணு, வெளியில ஒண்ணு. உள்ளே இறுகற வேகம் வெளி வேகத்துக்கு ஈடா இருந்தா, உள்ளே வளர்ற வலை சீட்டுகளை நெட்டித் தள்ளிப் பிரிச்சுடும். வெளியில சீக்கிரம் ஜெல் ஆயிடுச்சுன்னா கதை முடிஞ்சது. கட்டு கட்டாவே சிமென்ட்டுக்குள்ள புதைஞ்ச செங்கல் மாதிரி நின்னுடும்.

பாருங்க, களிமண் அதேதான், அளவும் அதேதான். எந்த ஹார்டனர், என்ன சூடு, எவ்வளவு நேரம்ங்கறதுதான் உள்ளே என்ன உருவாகும்னு தீர்மானிக்குது. தூள் பசையை மாத்துது, பசை இறுகற விதம் தூளை மாத்துது.

இன்னொரு பாடமும் இங்கேயே கிடைச்சது. ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கிற எப்பாக்ஸியில 15 சதவீதக் களிமண் போட்டப்ப இழுவிசை பத்து மடங்குக்கு மேல கூடினதா இதே குழு காட்டினது. ஆனா நாம பாலத்துக்கும் விமானத்துக்கும் பயன்படுத்தறது கண்ணாடி மாதிரி விறைச்ச எப்பாக்ஸி. அதுல பலன் அந்த அளவுக்குக் கிட்டவே வரலை. பலவீனமானவனுக்குக் கைத்தடி பெரிய உதவி, பயில்வானுக்கு அது வெறும் குச்சி.

நானோகுழாய் வந்த வேகம்

1991-ல் ஜப்பானின் என்.ஈ.சி. ஆய்வுக்கூடத்துல சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல தெளிவாக் காட்டினார். (1952-லேயே சோவியத் விஞ்ஞானிகள் ராதுஷ்கேவிச்சும் லுக்யனோவிச்சும் இப்படிக் குழாய்களைப் படம் பிடிச்சு ரஷ்ய இதழ்ல போட்டிருந்தாங்க. வெளியுலகம் கவனிக்கலை.) எஃகைவிடப் பல மடங்கு பலம், எடையோ கொஞ்சம். அப்புறம் சும்மா இருப்பாங்களா?

எப்பாக்ஸிக்குள்ள இதை முதல்ல போட்டவர்களில் ஒருத்தர் புலிக்கல் அஜயன். கேரளாவின் கொடுங்கல்லூர்க்காரர், காசி இந்து பல்கலைக்கழகத்துல உலோகவியல் படிச்சவர், இஜிமாவோட வேலை பார்த்தவர். 1994-ல் பிரான்ஸ்ல இருந்தப்ப நானோகுழாய்களை எப்பாக்ஸியில கலந்து, இறுக வெச்சு, மெல்லிசா சீவிப் பார்த்தார். கத்தி போன திசையிலேயே குழாய்கள் வரிசை கட்டி நின்னுச்சு.

நாலு வருஷம் கழிச்சு 1998-ல் லிண்டா ஷாட்லர், அஜயன் உள்ளிட்ட ரென்ஸ்லேர் குழு இன்னொரு முக்கியமான சோதனை பண்ணினது. பசை மேல போடற பாரம் குழாய்க்குப் போய்ச் சேருதா? அழுத்தினா போகுது, இழுத்தா அவ்வளவாப் போகலைங்கறது பதில். பல சுவர் நானோகுழாய்ங்கறது ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகின குழாய்கள். இழுக்கும்போது வெளிச்சுவர் மட்டும்தான் பாரத்தை வாங்குது, உள்ளே இருக்கிறதெல்லாம் வேடிக்கை பார்க்குது. பல மடங்கு பலம்ங்கற விளம்பரத்துக்கு முதல் குட்டு அங்கேயே விழுந்துடுச்சு.

அடுத்த தலைவலி கட்டி. நானோகுழாய்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி சிக்காயிடும். சிக்கு அப்படியே இறுகிப் போனா அது பலம் இல்லை, விரிசல் ஆரம்பிக்கற இடம். 2004-ல் ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல கொய்னி குழு, பெயின்ட்டும் அச்சு மையும் அரைக்கிற மூணு உருளை மிஷினைக் கொண்டுவந்து அதுல ரெசினையும் குழாய்களையும் அரைச்சாங்க. வெறும் 0.1 சதவீதத்துலேயே விரிசலைத் தாங்கும் திறன் நல்லாக் கூடினது. ஆடம்பரமான புதுக் கருவி ஒண்ணும் இல்லை, நம்ம அச்சாபீஸ் சப்ளையர் வெச்சிருக்கிற மிஷின்!

மின்சாரத்துல மட்டும் கதை தலைகீழ். எப்பாக்ஸி மின்சாரம் கடத்தாது. உள்ளே குழாய்கள் ஒண்ணையொண்ணு தொட்டு ஒரு பாதை போட்டுட்டா கடத்தும். 2003-ல் கேம்பிரிட்ஜ் குழு 0.0025 சதவீதத்துலேயே அந்தப் பாதை உருவாகறதைக் காட்டினது. கிலோவுக்கு 25 மில்லிகிராம்! சூடு படுத்தும்போது ரெசின் தண்ணி மாதிரி இளகும். ஜெல் ஆகறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்த நேரத்துல குழாய்கள் நகர்ந்து கூடி வலை பின்னிக்கும். பலத்துக்கு விரோதியான கூட்டம், மின்சாரத்துக்கு நண்பன். ரெண்டையும் ஒரே டப்பாவுல கேட்கிறவங்க இதை யோசிக்கணும்.

இறுகும் வேகம்: கூடுமா, குறையுமா?

இதை அளக்க உதவற கருவி டி.எஸ்.சி. 1960-களின் தொடக்கத்துல பெர்க்கின்-எல்மர் கம்பெனி கொண்டுவந்தது. துளியூண்டு கலவையைச் சூடாக்கி, அது எப்போ எவ்வளவு சூட்டை வெளியே விடுதுன்னு வரைஞ்சு காட்டும்.

2003-ல் இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகக் குழு, ஒற்றைச் சுவர் நானோகுழாய் சேர்த்தா எப்பாக்ஸி–அமீன் வினை வேகமாகுதுன்னு சொன்னது. வேற கலவைகளை எடுத்த ஆய்வுகள் பிற்பாதியில வேகம் குறையுதுன்னு சொன்னது. யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்கன்னு நினைக்க வேண்டாம். ரெண்டும் நடக்கும்.

வேகமாக்கறது எது? தூளோட மேற்பரப்புல இருக்கிற ஹைட்ராக்ஸில். முன்னாடி சொன்னேனே, அடுத்த வளையத்தைத் திறக்க உதவும்னு, அதேதான். சிலிக்காவிலும், அமிலத்துல கழுவின நானோகுழாயிலும் அது உண்டு. வினை தானா உண்டாக்கற வரைக்கும் காத்திருக்காம, ஆரம்பத்துலேயே உதவியாள் தயாரா நிக்குது.

மெதுவாக்கறது எது? கூட்ட நெரிசல். தூள் சேர்ந்தா ரெசின் கெட்டியாகும், மூலக்கூறுகள் நடமாட முடியாது. ஒண்ணோட ஒண்ணு சந்திக்க வேண்டிய எப்பாக்ஸியும் அமீனும் தூளுக்கு ரெண்டு பக்கமும் மாட்டிக்கும். கடைசியில வினை முழுசா முடியாமலேயே எல்லாம் விறைச்சு நின்னுடும்.

மூணாவதா ஒரு திருட்டும் நடக்கும். தூளோட மேற்பரப்பு ஹார்டனரைக் கவர்ந்து தன் மேல ஒட்ட வெச்சுக்கலாம். தூள் மேல நாமே அமீன் குழுக்களை ஒட்டியிருந்தா அது எப்பாக்ஸியைச் சாப்பிடும். டப்பா மேல போட்டிருக்கிற ரெசின்–ஹார்டனர் விகிதம் அப்புறம் செல்லாது, திரும்பக் கணக்குப் போடணும். போடலைன்னா வலையில ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா, பசை விறைப்பிலேர்ந்து இளகற வெப்பநிலை கீழே இறங்கும். தூள் பலம் சேர்த்த மாதிரி மேஜையில தெரியும், வெயில்ல வெச்சா காலை வாரிடும்.

சத்தம் போடாம ஜெயிச்சது

இவ்வளவு களேபரத்துக்கு நடுவுல பழைய சிலிக்கா அமைதியா ஜெயிச்சது. தூளா வாங்கிக் கலக்காம, வேதிமுறையில திரவத்துக்குள்ளேயே 20 நானோமீட்டர் சிலிக்கா உருண்டைகளை வளர்த்து, பிரிஞ்ச நிலையிலேயே எப்பாக்ஸியோட சேர்த்து விக்க ஆரம்பிச்சாங்க. 2007-ல் லண்டன் இம்பீரியல் காலேஜின் கின்லாக் குழு அதைச் சோதிச்சது. கன அளவுல 13 சதவீதம் சேர்த்தப்ப, முறிக்கத் தேவைப்பட்ட ஆற்றல் சதுர மீட்டருக்கு 100 ஜூல்லேர்ந்து 460 ஜூலாச்சு. இளகும் வெப்பநிலை இறங்கவே இல்லை. விரிசல் வரும்போது உருண்டையை விட்டு எப்பாக்ஸி பிரிஞ்சு, அந்தப் பொந்து விரிஞ்சு, ஆற்றலை விழுங்கிடுதுன்னு விளக்கமும் கொடுத்தாங்க. சிலிக்கா நானோகுழாயைவிடப் பலசாலியா? கிட்டவே நிக்காது. ஆனா கட்டி தட்டாது, வினையைக் கெடுக்காது.

2009-ல் ரென்ஸ்லேர்ல கோரட்கர் குழு கிராஃபீன் தகடுகள் 0.1 சதவீதம் போட்டு, விறைப்பு 31, இழுவிசை 40, முறிவைத் தாங்கும் திறன் 53 சதவீதம் கூடினதா வெளியிட்டது. அதே அளவு நானோகுழாய் அதைவிடக் கம்மியாத்தான் கொடுத்தது. சொரசொரப்பான தகடு எப்பாக்ஸியைக் கெட்டியாப் பிடிக்குதுங்கறது காரணம். மறுபடி மேற்பரப்பு!

பில்லும் நுரையீரலும்

ஆசைக்கு விலை உண்டு இல்லையா? பேயர் கம்பெனி 2010-ல் லெவர்குசன்ல வருஷத்துக்கு 200 டன் நானோகுழாய் தயாரிக்கிற ஆலையைத் திறந்தது. 2013-ல் இந்த வேலையே வேண்டாம்னு அறிவிச்சுட்டு விலகினது. நானோகுழாய் அழிஞ்சு போகலை. லித்தியம் பேட்டரிக்குள்ள மின்சாரம் கடத்தற வேலையில இப்ப நல்லா ஓடுது.

இன்னொரு விலை உடம்புக்கு. நீளமான பல சுவர் நானோகுழாய்கள் எலிகளோட வயித்துக்குழியில ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியே அழற்சியை உண்டாக்கறதா 2008-ல் எடின்பரோ விஞ்ஞானிகள் காட்டினாங்க. 2013-ல் அமெரிக்காவின் நயோஷ் அமைப்பு, வேலையிடக் காற்றுல கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு பரிந்துரைச்சது. 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்கிற ஒரு வகையை மட்டும் "புற்றுநோய் உண்டாக்கலாம்" பட்டியல்ல சேர்த்தது. இறுகின எப்பாக்ஸிக்குள்ள புதைஞ்சு கிடக்கிற குழாய் நம்மை ஒண்ணும் பண்ணப் போறதில்லை. காய்ஞ்ச தூளைக் கொட்டறவங்க, இறுகினதை அறுக்கிறவங்க, உப்புத்தாள் போடறவங்க, அவங்கதான் கவலைப்படணும். இந்த வேலைகளைப் பண்றவங்க யாருன்னு நமக்குத் தெரியும். முகத்துல கைக்குட்டை கட்டிக்கிட்டா போதும்னு நினைக்கிற பட்டறைகள் நம்ம ஊர்ல நிறைய. கைக்குட்டை அந்தத் தூளுக்குப் பத்தாது.

அதனால நாளைக்கு யாராவது "நானோ எப்பாக்ஸி, ரெண்டு மடங்கு பலம்"னு டப்பாவைக் கையில கொடுத்தா, மூணு கேள்வி கேளுங்க. எதைவிட ரெண்டு மடங்கு, மெத்துன்னு இருக்கிறதைவிடவா, விறைப்பா இருக்கிறதைவிடவா? தூள் ரெசினுக்குள்ள முன்னாடியே பிரிச்சு வந்திருக்கா, நாமதான் கலக்கணுமா? இந்தத் தூளுக்கு ஏத்த மாதிரி ஹார்டனர் அளவும் சூடும் நேரமும் திருத்திக் கொடுத்திருக்காங்களா? மூணாவது கேள்விக்கு விற்கிறவர் முழிச்சார்னா, பேசாம பழைய அரால்டைட்டையே வாங்கிட்டு வந்துடலாம்.

கூடவே ஒரு நல்ல மாஸ்க்கும் வாங்கிக்குங்க.